முழங்கால் நீர்

இரட்டைப் பிள்ளைகளில் முதலில் வெளியே வந்தவள் என்பதால் அவளுக்கு வீட்டில் பெரிசு என்று பெயர் விழுந்தது. பின்னாலேயே வந்தவள் சிறுசு. இருவரும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பார்கள். பெரிசு செய்த குறும்புக்குச் சிறுசை அடித்துவிட்டு, அப்புறம் விஷயம் தெரிந்து, நியாயம் தவறக்கூடாது என்று பெரிசையும் கூப்பிட்டு அடித்தவள் அவர்கள் அம்மா. கல்யாணத்துக்கு அப்புறமும் கடைத்தெருவில் யாராவது பெரிசை நிறுத்தி, "கிளட்ச்சை விடும்போது வண்டி நின்னு நின்னு போகுது மேடம்" என்று சந்தேகம் கேட்பார்கள். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுப்பவள் சிறுசு. பெரிசுக்கு வண்டியில் தெரிந்ததெல்லாம் ஏறுவதும் இறங்குவதும்தான்.

நாற்பதை நெருங்கும்போது அந்த ஒற்றுமை முடிவுக்கு வந்தது. பெரிசின் விரல்களில் தொடங்கியது அது.

அவள் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லைச் செதுக்கி, வார்த்து, மோட்டாரில் வைத்து மெருகேற்றித் திருப்பி அனுப்பும் வேலை. ஒரு கடைவாய்ப் பல்லின் மேட்டையும் பள்ளத்தையும் மெழுகில் கொண்டுவருவதில் அவளுக்குக் கை தேர்ந்திருந்தது. ஒரு நாள் காலையில் ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கிவிட்டு மெழுகைத் தொடப் போனாள். கத்தி விரலில் நிற்கவில்லை. விரல்கள் மடங்க மறுத்தன. மதியத்துக்குள் சரியாகிவிட்டது. மறுநாளும் அதே கதை. சில மாதங்களில் மணிக்கட்டு, பிறகு தோள், அப்புறம் வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி உட்கார்ந்துகொண்டது.

முடக்குவாதம் என்றார் மூட்டு மருத்துவர். மாத்திரைகள் கொடுத்தார். வலி கொஞ்சம் குறையும், பிறகு வட்டியோடு திரும்பி வரும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "உனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, அதை ஏத்தணும்" என்று ஒரு சித்தி ஏதோ பொடி டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாரையும் அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தங்கையைத்தான் முடியவில்லை. சிறுசு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெரிசின் கண் அவள் கைக்குப் போய்விடும். நீளமான, நேரான விரல்கள். மோதிரம் தளர்வாகச் சுழலும். அவை தன்னுடைய விரல்களேதான், நோய் வராமல் இருந்திருந்தால். வலி இல்லாத தன் உடம்பு எதிர்நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்கு வயிறெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிசு சர்க்கரை பாட்டிலின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சிறுசு வந்தாள், கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள், ஒரு திருகு, திறந்து மேடையில் வைத்தாள்.

"என் வீட்டு பாட்டில எனக்குத் திறக்கத் தெரியும்" என்றாள் பெரிசு.

"தெரியாதுன்னு யாரு சொன்னா? முடியலன்னுதானே…"

"முடியலன்னு உங்கிட்ட வந்து சொன்னேனா? பெரிய கையைத் தூக்கிட்டு வந்துட்டா!"

சிறுசு காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை, இவள் கூப்பிடவும் இல்லை. நலம் விசாரிப்பதெல்லாம் பெரிசின் கணவன் வழியாக நடந்தது. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது தன் தொழில், ஆனால் அக்கா தங்கைக்கு நடுவில் தானே மாட்டிக்கொண்டதாக நண்பர்களிடம் புலம்பினான்.

முழங்கால் மடக்கவே முடியாமல் போனபோது மூட்டு மருத்துவர் ஊசி போட்டு உள்ளே தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்தார். தெளிவாக இருக்க வேண்டிய நீர் மஞ்சளாக, கலங்கிய எண்ணெய் போல ஊசிக்குழலில் ஏறியது. மாடியில் ஆராய்ச்சிப் பிரிவு இருப்பதாகவும், இந்த நீரை அவர்கள் கேட்பதாகவும் மருத்துவர் சொன்னார்.

"குப்பைக்குப் போறதுதானே? தாராளமா கொடுங்க" என்றாள் பெரிசு.

நன்றி சொல்ல ஆய்வாளரே கீழே இறங்கி வந்தார். கண்ணாடி போட்ட, வேகமாகப் பேசுகிற ஒரு பெண். குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்.

"கூடப் பிறந்தவங்க யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?"

"எனக்கு ஒரே தங்கச்சிதான், டாக்டர். ரெட்டை."

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார். "பாக்க ஒரே மாதிரியா இருப்பீங்களா?"

"எங்கம்மாவே மாத்தி அடிச்சிருக்காங்க."

"அவங்களுக்கு மூட்டு வலி?"

"அவளுக்கா? கல்லு மாதிரி இருக்கா."

ஆய்வாளரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் ஏதோ பரிசு விழுந்தது போலிருந்தது. உடனே தன் மகிழ்ச்சி நோயாளிக்கு முன்னால் பொருத்தமில்லாதது என்று தோன்றியிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்களைக் கூட்டிட்டு வர முடியுமா? கொஞ்சம் ரத்தம் கொடுத்தா போதும். ஒரே மாதிரி பிறந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு நோய் இருக்கு, ஒருத்தருக்கு இல்ல. எங்களுக்கு இது லேசுல கிடைக்காது."

"கேட்டுப் பாக்கறேன்" என்றாள் பெரிசு. கேட்கவில்லை. வாரங்கள் போயின. ஆய்வாளர் ஒரு தடவை போன் செய்து நினைவுபடுத்தினார்.

"ஏம்மா, கேட்டுத் தொலைச்சா என்ன?" என்றான் கணவன்.

"போனைப் பிடிச்சா கை வலிக்குது."

"போனை நான் பிடிச்சுக்கறேன். பேச நாக்குதானே வேணும்? அதுல மூட்டு கிடையாது."

அவள் அவனை முறைத்தாள். ஆனால் அவன் எண்ணை அழுத்தி அவள் காதருகே பிடித்துவிட்டான்.

"நான்தான்" என்றாள் பெரிசு.

"தெரியுது. என் குரல்ல வேற யாரு பேசுவா?"

"ரத்தம் வேணுமாம்."

"ஐயோ, உனக்கா?"

"எனக்கில்ல. ஆராய்ச்சிக்கு."

"என்னைக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டாள் சிறுசு.

தலையில் பலகை மாட்டிய டிரைவிங் ஸ்கூல் வண்டியிலேயே வந்தாள். பெரிசு முன்னிருக்கையில் மெதுவாக உடம்பை நுழைத்துக்கொண்டு பெல்ட்டை இழுத்தாள். கொக்கி பொருந்த மறுத்தது. சிறுசின் கை உயர்ந்தது, பாதியில் நின்றது, மறுபடியும் ஸ்டீயரிங்கில் போய் உட்கார்ந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சிறுசு கண்ணாடி வழியாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கொக்கி டக்கென்று விழுந்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினாள்.

ஆய்வுக்கூடம் பெரிசு நினைத்தது போலப் பளபளப்பாக இல்லை. அவளுடைய பல் கூடத்தைப் போலத்தான் இருந்தது. சாமான் நெருக்கடி, ஓயாமல் முனகும் குளிர்பெட்டிகள், சுவரில் யாரோ ஒட்டிய "தயவுசெய்து மூடியை மூடவும்". இருவரிடமும் ரத்தம் எடுத்த பிறகு, என்னதான் செய்யப் போகிறீர்கள் என்று பெரிசு கேட்டாள். ஆய்வாளர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உடம்புக்குள்ள கிருமி வந்தா அடிக்கறதுக்குன்னு செல்கள் இருக்கு. அது நடக்கும்போது அந்த இடம் சூடாகும், வீங்கும், சிவக்கும். அழற்சின்னு சொல்லுவோம். அடிச்சு முடிச்சதும் 'போதும், நிறுத்து'ன்னு சொல்றதுக்கு வேற செல்கள் இருக்கு. ஒழுங்குபடுத்தும் செல்கள். உங்க நோய்ல கிருமியே இல்லாம சண்டை நடக்குது, மூட்டுக்குள்ள."

"எதிர்ப்பு சக்தி கம்மின்னு எங்க சித்தி ஒரு பொடி கொடுத்தாங்களே?"

"கம்மியில்லம்மா. இருக்கறது அடங்க மாட்டேங்குது. பொடியெல்லாம் வேண்டாம். என்ன பொடின்னு உங்க டாக்டர்கிட்ட முதல்ல சொல்லிடுங்க."

"அப்போ போதும்னு சொல்ற செல் எனக்கு இல்லாமப் போச்சா?"

"அதுதான் எங்களுக்கும் விளங்கல. இருக்கு. இந்த நோய் உள்ளவங்களுக்கு ரத்தத்துல இருக்கறதைவிட மூட்டுத் தண்ணியில இன்னும் அடர்த்தியாவே இருக்கு. இவ்வளவு பேரு அங்க போய் நின்னும் ஏன் சண்டை நிக்கலங்கறதைத்தான் பாக்கப்போறோம்."

பிறகு வேலை, பழக்கம் பற்றியெல்லாம் கேள்விகள். புகை பிடிப்பீர்களா? இல்லை. வேலையிடத்தில் தூசி உண்டா? பெரிசு மெருகேற்றும் மோட்டாரைப் பற்றியும் அதிலிருந்து பறக்கும் வெள்ளைத் தூளைப் பற்றியும் சொன்னாள். முகமூடி இருக்கிறது, ஆனால் மூச்சு முட்டுவதால் யாரும் போடுவதில்லை. அந்த மாதிரித் தூசி சிலரிடம் இந்த நோயைத் தூண்டிவிடலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்வதாக ஆய்வாளர் கூறினார். "உங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா முகமூடியைப் போடுங்க."

அருகில் உட்கார்ந்திருந்த சிறுசு முழங்கையில் வைத்திருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டாள். அவள் ஏன் திடுக்கிட்டாள் என்று ஆய்வாளருக்குத் தெரியாது. பெரிசுக்குத் தெரியும். பல் கூடத்து வேலைக்குத் தேர்வானவள் உண்மையில் சிறுசுதான். முதல் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வேலை கைவிட்டுப் போகக்கூடாதே என்று பெரிசு அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளாகப் போய் உட்கார்ந்தாள். முதலாளிக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துச் சிறுசு தேறியபோது பெரிசுக்கு மெழுகு பிடித்துப்போயிருந்தது. சிறுசுக்கு ஒரே இடத்தில் உட்காரும் வேலையே ஆகாது. முதலாளியிடம் உண்மையைச் சொல்லிச் சிரித்துப் பேசி முடித்துக்கொண்டார்கள். குடும்பத்தில் அதை எத்தனையோ தடவை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று திரும்பும்போது சிறுசு ஒரு திருப்பத்தைத் தவறவிட்டாள்.

முடிவுகள் வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. ஆய்வாளர் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரு ஜோடியை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, வைத்தியத்துக்கும் இதற்கும் நேரடியாகச் சம்பந்தமில்லை என்று எச்சரித்த பிறகே தொடங்கினார்.

"உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயிருந்தும் அந்த ஒழுங்குபடுத்தும் செல்களைப் பிரிச்சு, சண்டைக்கார செல்களோட சேத்துப் பாத்தோம். ரெண்டுமே நல்லா அடக்குச்சு. எது யாரோடதுன்னு எங்களால சொல்ல முடியல."

"அம்மா மாதிரியே" என்றாள் சிறுசு.

"முழங்கால்லருந்து எடுத்தது அப்படியில்ல. ஓரளவுதான் அடக்குச்சு. அதுல கொஞ்சம் செல்கள் அடக்கறதை விட்டுட்டு, சண்டையை மூட்டிவிடற பொருளையே தயாரிக்குது. அங்க இருக்கற சண்டைக்காரங்களுக்கும் காது அடைச்சுப்போச்சு, சொன்னா கேக்கறதில்ல. இதெல்லாம் நாங்க எதிர்பாத்ததுதான். அப்புறம்தான் ஒண்ணு செஞ்சு பாத்தோம்." ஆய்வாளர் சிறுசின் பக்கம் திரும்பினார். "உங்க செல்லை எடுத்து, அக்காவோட முழங்கால் தண்ணியில விட்டோம். செல் எதுவும் இல்லாம வடிகட்டின வெறும் தண்ணி."

"என்ன ஆச்சு?"

"உங்களோடதும் தளர்ந்து போச்சு. அக்கா செல் என்ன செஞ்சதோ அதையே செய்ய ஆரம்பிச்சுது."

பெரிசு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். அதுவும் நல்ல சந்தோஷம் இல்லை. நன்றாக வேண்டும் என்கிற மாதிரி ஒன்று. இத்தனை நாளும் தன் உடம்பு மட்டமான சரக்கில் செய்தது, தங்கையுடையது நல்ல சரக்கு என்று உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தாள். இப்போது பார்த்தால் இரண்டும் ஒரே சரக்கு. அந்த நீரில் போட்டால் எதுவானாலும் கெடும்.

"அழற்சிதான் அதுங்களை மாத்துது" என்றார் ஆய்வாளர். "அந்தத் தண்ணியில இருக்கற ஒரு முக்கியமான அழற்சிப் பொருளை மருந்து போட்டுத் தடுத்துப் பாத்தோம். ரெண்டு பேரோட செல்லுமே பெருமளவுக்குத் திரும்பி வேலை செஞ்சுது. முழுசா இல்ல. சோதனைத் தட்டுல நடக்கறது உடம்புக்குள்ள அப்படியே நடக்கணும்னும் இல்ல."

"அப்போ எனக்கும் வருமா?" என்று கேட்டாள் சிறுசு.

"மத்தவங்களைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம்தான். ஆனா இந்த மாதிரி ரெட்டையர்ல ஒருத்தருக்கு வந்தா இன்னொருத்தருக்குப் பெரும்பாலும் வர்றதில்ல. காலையில விரல் மடங்கலன்னா தள்ளிப்போடாம வாங்க. அவ்வளவுதான்."

வீடு திரும்பும்போது பாதி வழியில் சிறுசு வண்டியை ஓரம் கட்டினாள். இண்டிகேட்டர் டிக்டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

"அந்தத் தூசி எனக்கு வந்திருக்க வேண்டியது" என்றாள். "நான் காய்ச்சல்னு படுத்துக்கிட்டேன்."

"அதனாலதான்னு யாருடி சொன்னா? அந்தம்மாவே சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

"ஆனாலும்…"

"ஆனாலும் என்ன ஆனாலும்? நீயா என்னைப் போகச் சொன்ன? உன் சட்டையைத் திருடிப் போட்டுக்கிட்டு நான்தான் போனேன். பிடிச்சுதுன்னு உக்காந்துட்டேன். இன்னைக்கும் பிடிச்சுதான் இருக்கு." பெரிசு மூச்சு வாங்கினாள். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. உன் கையைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

சிறுசு மூக்கை உறிஞ்சினாள். "தெரியும். எனக்கு உன் கையைப் பாத்தா பயம். நாளைக்கு என் கையும் இப்படித்தானேன்னு இருக்கும். அதான் வந்ததும் எதையாவது பிடுங்கித் திறந்து கொடுத்துட்டு ஓடப் பாப்பேன்."

"அப்படியா? நான் உன்னைப் பெரிய தைரியசாலின்னு நெனச்சிருந்தேன்."

"தினமும் பழகாதவங்க ஓட்டற வண்டியில பக்கத்துல உக்கார்றேன். அந்தத் தைரியம்தான் இருக்கு. இது வேற."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிறுசு அழுகையை நிறுத்தவும் இல்லை. வண்டியின் தலைப்பலகையைப் பார்த்துவிட்டு, கற்றுக்கொள்ள வந்தவர்தான் அழுகிறார் என்று நினைத்த ஒருவர் ஜன்னலருகே குனிந்து, "போகப் போக வந்துடும்மா, விட்டுடாதீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மாத்திரைகளுக்கு நோய் கட்டுப்படவில்லை என்று பார்த்து, மூட்டு மருத்துவர் அந்த அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசியைத் தொடங்கினார். மாடியில் நடந்த சோதனைக்காக அல்ல, அவருடைய கணக்கில் அதற்கான வேளை வந்திருந்தது. முதலில் மார்புப் படம் எடுத்து, ரத்தம் பார்த்து, காசநோய் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். சண்டையைத் தணிக்கும் மருந்து கிருமியை எதிர்க்கும் பலத்தையும் கொஞ்சம் குறைக்கும், அதனால் காய்ச்சல் வந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்காமல் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பெரிசு நம்பிக்கை இழந்து கணவனிடம் சிடுசிடுத்தாள். இரண்டாம் மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கி முடித்த பிறகுதான் வலிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் வளைந்தது வளைந்ததுதான். மெழுகுக் கத்தியை வேறு விதமாகப் பிடிக்கப் பழகிக்கொண்டாள். முன்பு ஒரு நாளில் முடித்ததற்கு இப்போது ஒன்றரை நாள் ஆனது.

முதலாளியிடம் தூசியைப் பற்றிச் சொன்னாள். "இத்தனை வருஷமா நானும்தான் இதே தூசியில இருக்கேன், எனக்கென்ன ஆச்சு?" என்றார் அவர். ஆனால் அந்த மாதமே மோட்டாருக்கு மேல் தூசி உறிஞ்சும் குழாய் ஒன்றைப் பொருத்திவிட்டார். யார் கேட்டாலும் அது தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டார். பெரிசு மறுத்துப் பேசவில்லை.

ஊசி தொடங்கி ஏழெட்டு மாதம் கழித்து ஆய்வாளர் மறுபடியும் கூப்பிட்டார். மருந்துக்குப் பிறகு முழங்காலுக்குள் அந்தச் செல்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தே ஆக வேண்டும் என்று தவித்தார். சிறுசும் வந்தாள். மூட்டு மருத்துவர் முழங்காலை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் கருவியை இப்படியும் அப்படியும் உருட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"எடுக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்லையே. ஊசி போட்டா வீணாத்தான் குத்தணும்."

ஆய்வாளர் கையில் பெயர் எழுதித் தயாராக வைத்திருந்த குழாயோடு நின்றார். "கொஞ்சம்கூட இல்லையா?"

"சொட்டுகூட இல்ல."

"மன்னிச்சுக்குங்க டாக்டர்" என்றாள் பெரிசு. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆய்வாளரும் சிரித்துவிட்டார், ஆனால் குழாயைப் பையில் போடும்போது அவர் முகத்தில் உண்மையான வருத்தமும் இருந்தது. ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முழங்காலில் நடப்பதை ரத்தத்தை வைத்து முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது, என்ன செய்வது என்றார். இன்னும் சில ஜோடிகள் கிடைத்தால்தான் இதற்கு ஒரு பெறுமானம் வரும் என்றும் சொன்னார். "உங்களுக்குத் தெரிஞ்ச ரெட்டையர் யாராவது இருந்தா சொல்லுங்க. ஒருத்தருக்கு மட்டும் நோய் இருக்கணும்."

ரத்தம் கொடுத்து முடித்த சிறுசு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே யோசித்தாள். "எங்கிட்ட ஒருத்தர் கத்துக்கிட்டிருக்காரு. லைசென்ஸ் டெஸ்ட்ல ரெண்டு தடவை கோட்டை விட்டவரு. அவருக்கு அண்ணன் இருக்காராம், ரெட்டைன்னு சொன்னாரு. அண்ணனுக்கு முதுகு விறைச்சுக்கும், ஏதோ வாதம்னு சொன்ன ஞாபகம். இருங்க, கேக்கறேன்."

"இப்பவேவா?" என்றார் ஆய்வாளர்.

அவள் அதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள். முதலில் பிரேக்கைப் பற்றி ஏதோ அதட்டும் குரல் கேட்டது, பிறகு குரல் தணிந்தது. பெரிசு முழங்கையிலிருந்த பஞ்சை வளைந்த விரலால் அழுத்திக்கொண்டு, அவள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.